ஒரே ஏற்பி, உறுப்புக்கு ஒரு வேலை: மனிதத் திசுக்களில் ஈபி4

மனித உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் தயாரிக்கக்கூடிய கொழுப்பு மூலக்கூறு ஒன்று உண்டு: புரோஸ்டாகிளாண்டின் ஈ2. சுருக்கமாகப் பிஜிஈ2. இருபது கார்பன் அணுக்கள், நடுவில் ஐந்து பக்க வளையம், அதிலிருந்து நீளும் இரண்டு சங்கிலிகள் என்று அதன் அமைப்பு மிக எளியது. இன்சுலினைப் போல இது முன்கூட்டியே செய்து சேமித்து வைக்கப்படுவதில்லை. தேவை எழும் நொடியில் செல்லின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் பிரித்தெடுக்கப்படுகிறது. ‘காக்ஸ்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி அதை ஓர் இடைநிலைப் பொருளாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதைப் பிஜிஈ2 ஆக்கி முடிக்கிறது. பிறந்த இடத்துக்கு அருகிலேயே வேலை செய்துவிட்டு அது அழிந்துபோகிறது. இரத்தத்தில் கலந்தாலும் தொலைதூரம் போக முடியாது. நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் 90 சதவீதத்துக்கும் மேல் சிதைக்கப்பட்டுவிடுகிறது.

இவ்வளவு எளிய, இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஒரு பொருள் செய்யும் வேலைகளின் பட்டியல் மட்டும் நீளமானது. காய்ச்சல், வலி, வீக்கம், இரைப்பையின் பாதுகாப்பு, பிரசவம், சிறுநீரக இரத்த ஓட்டம், எலும்பு வளர்ச்சி, கருவின் இதயச் சுற்றோட்டம், புற்றுநோய் எனப் பலவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இவற்றில் சில ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஓரிடத்தில் தசையைத் தளர்த்துகிறது, இன்னோரிடத்தில் இறுக்குகிறது. ஒரு சமயம் அழற்சியைத் தூண்டுகிறது, மறு சமயம் அதையே அடக்குகிறது. மூலக்கூற்றை எவ்வளவு ஆராய்ந்தாலும் இதற்கு விடை கிடைக்காது. விடை இருப்பது அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளில். பிஜிஈ2-வுக்கு மனித உடலில் ஈபி1, ஈபி2, ஈபி3, ஈபி4 என நான்கு ஏற்பிகள் உள்ளன. திசுவுக்குத் திசு மாறும் நடத்தையைத் தெளிவாகக் காட்டுவது ஈபி4 என்பதால் இச்சொற்பொழிவு அதையே பின்தொடர்கிறது. மற்ற மூன்றும் தேவைப்படும் இடங்களில் வந்துபோகும்.

ஏற்பிகள் பலவாக இருக்க வேண்டும் என்பதற்கான முதல் தடயம், ஏற்பி என்ற கருத்தே உறுதிப்படாத காலத்தில் கிடைத்தது. 1930-இல் நியூயார்க் ஆய்வாளர்களான ரஃபேல் குர்ஸ்ராக், சார்லஸ் லீப் இருவரும் கருப்பைத் தசைத் துண்டுகள்மேல் மனித விந்துவை இட்டுப் பார்த்தார்கள். சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் மாரிஸ் கோல்ட்பிளாட்டும் சுவீடனில் உல்ஃப் ஃபான் ஆய்லரும் தனித்தனியே அதே பொருளை நெருங்கினார்கள். 1935-இல் ஃபான் ஆய்லர் அதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். சூனே பெர்க்ஸ்ட்ரோமின் குழு 1962-க்குள் வேதியமைப்பைத் தெளிவாக்கியது. 1971-இல் ஜான் வேன், ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதால்தான் வலியையும் காய்ச்சலையும் தணிக்கிறது என்று காட்டினார். பெர்க்ஸ்ட்ரோம், பெங்க்ட் சாமுவெல்சன், வேன் மூவரும் 1982-இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்தப் பரிசு வழங்கப்பட்டபோது ஒரு ஏற்பிகூடப் பிரித்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னான உழைப்பு பொதுவெளியில் அதிகம் பேசப்படாதது. ஆனால் நோயாளிக்கு அதன் பயன் குறைந்ததல்ல. கிளாக்ஸோ நிறுவனத்தின் ஆய்வாளர் ராபர்ட் கோல்மனும் அவருடைய சகாக்களும் 1980-களில் விலங்குத் தசைத் துண்டுகளை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் எது எப்படிச் சுருங்குகிறது என்று அளந்து, வெறும் நடத்தையை வைத்தே ஏற்பிகளை வகைப்படுத்தினார்கள். நான்காம் வகை பின்னர் பன்றிக்குட்டியின் காலில் உள்ள சஃபீனஸ் சிரையில் அகப்பட்டது: பிஜிஈ2-வுக்குத் தளர்கிறது, ஆனால் ஈபி2-வைத் தூண்டும் பியூடாப்ரோஸ்ட்டுக்கு அசையவில்லை. மறுபுறம், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷூ நருமியாவின் குழு 1991-இல் புரோஸ்டாகிளாண்டினின் உறவுப் பொருளான திராம்பாக்சேனின் ஏற்பி மரபணுவைப் படியெடுத்தது. அந்த வரிசையைத் துணையாகக் கொண்டு ஏனைய ஏற்பிகளும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1993-இல் ஈபி4 மரபணு கிடைத்தபோது அது ஈபி2 என்ற பெயரிலேயே வெளியானது. உண்மையான ஈபி2 அடுத்த ஆண்டு கிடைத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த கட்டுரைகளைப் படிப்போர் இன்றும் இதை மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது.

மனித ஈபி4 ஏற்பி 488 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதன் மரபணு ஐந்தாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் உள்ளது. புரதச் சங்கிலி செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது; ஜி-புரதத்தோடு இணைந்த ஏற்பிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வடிவம் இது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான படிக ஆய்வு ஒரு விந்தையைக் காட்டியது. ஏற்பியின் வெளிவாயை ஒரு புரத வளையம் மூடியிட்டதுபோல் அடைத்திருக்கிறது. பிணைப்புக் குழி பக்கவாட்டில், சவ்வின் கொழுப்பை நோக்கித் திறந்திருக்கிறது. கொழுப்பிலிருந்து பிறந்த மூலக்கூறு கொழுப்பின் வழியாகவே ஏற்பிக்குள் நுழையக்கூடும் என்பதற்கு இது சான்று.

பிஜிஈ2 அமர்ந்ததும் ஈபி4 உள்ளே உள்ள ஜிஎஸ் என்னும் தூண்டு புரதத்தை முடுக்குகிறது. அது சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூற்றின் அளவை உயர்த்துகிறது. ஈபி2-வும் இதையே செய்கிறது. ஈபி3 பெரும்பாலும் இதற்கு எதிராகச் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கிறது. ஈபி1 செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகிறது. ஒரே பணியைச் செய்யும் ஈபி2, ஈபி4 இரண்டும் உடலுக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். வேறுபாடு வாலில் இருக்கிறது. செல்லுக்குள் தொங்கும் ஈபி4-இன் வால் மிக நீளமானது. தூண்டப்பட்ட சிறிது நேரத்தில் அந்த வால் மாற்றமடைந்து, ஏற்பி செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளிழுக்கப்படுகிறது; சமிக்ஞை ஓய்கிறது. குட்டை வால் கொண்ட ஈபி2 அவ்வாறு எளிதில் ஓய்வதில்லை. மேலும் ஈபி4 பிஜிஈ2-வை இறுகப் பற்றுவது. மிகக் குறைந்த அளவுக்கே விழித்துக்கொள்வது. ஆகவே ஈபி4 விரைவான, நுண்ணிய பதிலுக்கும், ஈபி2 அளவு கூடியபோது நீடித்த பதிலுக்கும் பொருந்துகின்றன. ஈபி4-க்கு இன்னொரு வழியும் உண்டு: தடுப்பு ஜி-புரதத்தோடு சேர்ந்து, செல்லின் வளர்ச்சியையும் உயிர்ப்பையும் ஊக்கும் பாதையைத் திறக்கிறது. புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிறது.

சைக்ளிக் ஏஎம்பி உயர்ந்தால் என்ன ஆகும் என்பது செல்லைப் பொறுத்தது. இரத்தக் குழாயின் மென்தசையில் அது சுருக்க இயந்திரத்தைத் தளர்த்துகிறது. குடலின் உட்சுவர்ச் செல்லில் குளோரைடையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. வலி நரம்பில் அயனி வாயில்களை எளிதில் திறக்கும்படி செய்கிறது. தற்காப்புச் செல்லில் எந்த மரபணு எழுதப்பட வேண்டும் என்பதையே மாற்றுகிறது. ஆலைச் சங்கு ஒன்றுதான் ஊதுகிறது; அதைக் கேட்டு ஒரு ஷிப்டுக்காரர் உள்ளே போகிறார், இன்னொருவர் வெளியே வருகிறார்.

இவற்றுள் மனித உயிரோடு நேரடியாகப் பிணைந்தது, கருவிலுள்ள குழந்தையின் இதயத்தருகே இருக்கும் ஓர் இணைப்புக் குழாய். மருத்துவர்கள் அதை டக்டஸ் என்பார்கள். கருவின் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. அதற்கு அதிக இரத்தம் தேவையில்லை. ஆகவே நுரையீரல் தமனியில் வரும் இரத்தத்தின் பெரும்பகுதி இந்தக் குழாய் வழியாக நேரே பெருந்தமனிக்குப் போய்விடுகிறது. கர்ப்ப காலம் முழுதும் அது திறந்திருக்க வேண்டும். திறந்து வைப்பது குழாய்ச் சுவரின் தசையில் உள்ள ஈபி4. அதற்குப் பிஜிஈ2-வைத் தருபவை நஞ்சுக்கொடியும் குழாய்ச் சுவரும்.

குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் மூன்று நிகழ்வுகள் சேர்ந்து நடக்கின்றன. நஞ்சுக்கொடி பிரிவதால் பிஜிஈ2-வின் முதன்மை ஊற்று நின்றுவிடுகிறது. விரிந்த நுரையீரலுக்கு இரத்தம் பாய்வதால், அதுவரை சிதைக்கப்படாமல் சுற்றிக்கொண்டிருந்த பிஜிஈ2 அங்கே வேகமாக அழிக்கப்படுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் உயர்ந்து குழாயின் தசையைச் சுருக்குகிறது. நிறைமாதக் குழந்தைக்கு ஒன்று முதல் மூன்று நாட்களில் குழாய் செயலளவில் மூடிக்கொள்கிறது. சில வாரங்களில் நிரந்தரமாக அடைபட்டு ஒரு நாராக எஞ்சுகிறது.

குறைமாதக் குழந்தைகளில் இது பெரும்பாலும் மூடாமல் நிற்கிறது. இந்தோமெத்தசின் கொடுத்து, பிஜிஈ2 உற்பத்தியைத் தடுத்து, குழாயை மூடலாம் என்று 1976-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் காட்டின. அதற்கு முன்பு அறுவை சிகிச்சைதான் வழி. எதிர்த் திசையில், சில குழந்தைகள் இந்தக் குழாய் திறந்திருந்தால் மட்டுமே உயிர்பிழைக்கும் இதயக் குறைபாடுகளோடு பிறக்கின்றன: நுரையீரல் தமனி வாயிலே அடைபட்ட குழந்தை, இடது இதயம் வளராத குழந்தை, இரு பெருந்தமனிகளும் இடம் மாறிய குழந்தை. டொராண்டோவில் கோச்சானியும் ஆலியும் புரோஸ்டாகிளாண்டின் ஈ வகை மருந்து ஆட்டுக்குட்டியின் டக்டஸைத் தளர்த்துவதை 1973-இல் கண்டார்கள். 1975-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அது குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. பிஜிஈ1, அதாவது ஆல்ப்ரோஸ்டாடில், அன்று முதல் எத்தனையோ பச்சிளங்குழந்தைகளை அறுவை மேசைவரை உயிரோடு கொண்டுசேர்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மகத்தான கொடைகளில் ஒன்று என்று இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆல்ப்ரோஸ்டாடில் செலுத்தப்படும் குழந்தையை உற்று நோக்கினால், பிஜிஈ ஏற்பிகள் உடலில் எங்கெங்கே இருக்கின்றன என்பதன் வரைபடமே கிடைக்கிறது. சிரை வழியே, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம் என்ற நுண்ணிய அளவில் தொடங்கும் சொட்டு மருந்து அது. நீலம் பாரித்த உதடு சிவக்கிறது; டக்டஸில் ஈபி4 தளர்வைத் தந்துவிட்டது. பத்தில் ஒரு குழந்தைக்கு உடல் முழுதும் செம்மை படர்கிறது. தோலின் இரத்தக் குழாய்களும் விரிகின்றன. ஏறத்தாழ 14 சதவீதக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. தொற்றுக் கிருமி எதுவும் தேவையில்லை; மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள ஈபி3 தூண்டப்பட்டாலே உடல் வெப்பம் ஏறும். ஏறத்தாழ 12 சதவீதக் குழந்தைகளுக்கு மூச்சு சிறிது நேரம் நின்றுபோகிறது. மூளைத்தண்டின் சுவாச மையமும் பிஜிஈ-க்கு அடங்குவது. எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் இது கூடுதல். அதனால்தான் இம்மருந்து செல்லும்போது செயற்கைச் சுவாசத்துக்கான ஏற்பாடு கட்டிலருகிலேயே தயாராக இருக்கிறது. பல நாள், பல வாரம் தொடர்ந்தால் இரைப்பையின் வெளிவாய்ச் சவ்வு தடித்து உணவு இறங்கத் தடையாகலாம். கை கால் எலும்புகளின் மேலுறை தடித்து எக்ஸ்ரேயில் தெரியும். மருந்தை நிறுத்தியதும் அது மெல்ல மறையும். ஒரு குழாயைத் திறக்கக் கொடுத்த மருந்து எலும்பைத் தடிக்கச் செய்கிறது. ஏற்பிகளைப் பற்றித் தெரியாதவருக்கு இது விளங்காத விளைவு, தெரிந்தவருக்கு எதிர்பார்க்கக்கூடியதே.

டக்டஸ் பற்றிய கதையில் ஒரு திருப்பம் உண்டு. குழாயைத் திறந்து வைப்பது ஈபி4 என்றால், ஈபி4 மரபணு நீக்கப்பட்ட எலிக்குஞ்சுக்குக் கருவிலேயே குழாய் மூடியிருக்க வேண்டும். 1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகைய எலிகளை உருவாக்கியபோது நடந்தது வேறு. குஞ்சுகள் பிறந்தன, அவற்றின் டக்டஸ் மூடவே இல்லை, பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன. விடை 2006-இல் ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து வந்தது. கருவின் பிற்காலத்தில் ஈபி4 குழாயைத் தளர்த்திக்கொண்டே, மறுபுறம் அதன் தசைச் செல்களை ஹையலுரானிக் அமிலம் சுரக்கச் செய்கிறது. அது குழாயின் உட்சுவரில் மெத்தைபோல் மேடுகளை எழுப்புகிறது. பிறந்தபின் குழாய் சுருங்கும்போது இந்த மேடுகள் ஒன்றையொன்று தொட்டு அடைத்துக்கொள்கின்றன. மேடுகள் எழாத குழாய் சுருங்கினாலும் முழுவதுமாக அடைபடாது. இன்று திறந்து வைக்கும் ஏற்பியே நாளைய மூடலுக்கும் அடித்தளம் இடுகிறது. முன்னது நொடிகளில் முடிவது, பின்னது வாரக் கணக்கில் நடப்பது. ஏற்பியின் வேலை இடத்தை மட்டும் அல்ல, காலத்தையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆல்ப்ரோஸ்டாடில் காட்டிய வரைபடத்துக்கு இணையான ஒரு சான்றை 2008-இல் மரபியல் தந்தது. பிஜிஈ2-வைச் சிதைக்கும் நொதியின் மரபணு பழுதுபட்ட குடும்பங்களில் விரல் நுனிகள் உருண்டு தடிக்கின்றன. எலும்புகளின் மேலுறை வளர்கிறது. உள்ளங்கை அதிகம் வியர்க்கிறது. சில குழந்தைகளுக்கு டக்டஸ் திறந்தே நிற்கிறது. ஆல்ப்ரோஸ்டாடில் சில வாரங்களில் காட்டியதை இயற்கை அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் செய்கிறது. நுரையீரல் நோயாளிகளின் விரல் நுனி உருளுவதை ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து மருத்துவர்கள் அறிவார்கள். அதன் ஒரு வகைக்கேனும் காரணம் இப்போது தெரிந்திருக்கிறது.

எலும்பில் ஈபி4 இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. எலும்பை ஆக்கும் செல்களை வளரத் தூண்டுகிறது. அதே செல்கள் வழியே எலும்பைக் கரைக்கும் செல்களை உருவாக்கவும் செய்கிறது. முறிந்த எலும்பு கூடுவதற்கு இரண்டும் வேண்டும். பழையதைக் கரைத்தால்தான் புதியதைச் சரியாக இட முடியும். 2019-இல் வெளியான ஓர் எலி ஆய்வு இன்னும் வியப்பானது. எலும்பின் அடர்த்தி குறையும்போது ஆக்கும் செல்கள் சுரக்கும் பிஜிஈ2-வை எலும்பில் ஓடும் உணர்வு நரம்புகளின் ஈபி4 உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கிறது; மூளை பரிவு நரம்புகளின் ஓட்டத்தைத் தணித்து எலும்பு வளர வழிவிடுகிறது. வலியை உணர்த்தும் என்றே கருதப்பட்ட நரம்புக்கு எலும்பின் நிறையை அளக்கும் பொறுப்பும் இருக்கிறது.

கருப்பைக்கு வந்தால், குர்ஸ்ராக்கும் லீபும் கண்ட முரண் விளங்குகிறது. கருப்பைத் தசையில் ஈபி1, ஈபி3 சுருக்குகின்றன. ஈபி2, ஈபி4 தளர்த்துகின்றன. எந்தத் துண்டில் எந்த ஏற்பி மிகுந்திருக்கிறதோ அதன் விடையே வெளிப்படும். கர்ப்பம் நிலைத்திருக்கும் காலத்தில் தளர்த்தும் பக்கத்தின் கை ஓங்கியிருக்கிறது. பிரசவம் நெருங்கும்போது சமநிலை மாறுகிறது. கருப்பை வாயில் ஈபி4-இன் வேலை வேறு. அங்கே அது தசையைவிட இணைப்புத் திசுவைக் குறிவைக்கிறது: இரத்தக் குழாய்களை விரித்து, வெள்ளணுக்களை வரவழைத்து, கொலாஜன் இழைகளைத் தளர்த்தி வாயை மெதுவாக்குகிறது. மகப்பேறு மருத்துவர்கள் ‘ஜெல் வைக்கிறோம்’ என்று சொல்லும்போது வைக்கப்படுவது பெரும்பாலும் பிஜிஈ2 தான். மருந்துப் பெயர் டினோப்ரோஸ்டோன். மாத்திரை வடிவிலான மிசோப்ரோஸ்டால் ஈபி2, ஈபி3, ஈபி4 மூன்றிலும் வேலை செய்வதால் வாயை மெதுவாக்கவும் தசையைச் சுருக்கவும் உதவுகிறது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைத் தடுக்க, ஆக்சிடோசின் ஊசி கிடைக்காத இடங்களில் பயன்படுத்தும்பொருட்டு 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குளிர்பதனம் இல்லாத கிராமத்துக்கும் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு மாத்திரை தாய்மாரின் உயிரைக் காக்க உதவுகிறது என்பது சிறிய செய்தி அல்ல.

அதே மிசோப்ரோஸ்டால் அமெரிக்காவில் முதலில் 1988-இல் ஒப்புதல் பெற்றது இரைப்பைக்காக. அங்கே அமிலம் சுரக்கும் செல்களில் ஈபி3 சுரப்பைக் குறைக்கிறது. சளிப்படலம் சுரக்கும் செல்களில் ஈபி4 அதைப் பெருக்குகிறது. வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்குவதற்குக் காரணம் இந்த இரண்டு பாதுகாப்பும் ஒருங்கே போவதுதான். மிசோப்ரோஸ்டால் சாப்பிடுவோருக்கு வயிற்றுப்போக்கு வருவதற்குக் காரணம் இன்னும் கீழே, சிறுகுடலில் இருக்கிறது. அங்கே சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் நீர் கொட்டும். காலரா நஞ்சும் இதே ஜிஎஸ் புரதத்தைப் பூட்டித் திறந்து வைத்துத்தான் உடலின் நீரை வடிக்கிறது.

பெருங்குடலில் ஈபி4-இன் இரு முகங்களும் நோயாளியின் வாழ்வில் எதிரெதிரே நிற்கின்றன. குடற்சுவர் புண்பட்டால் அதை ஆற்றுவதும் உள்ளூர்த் தற்காப்புச் செல்களை அமைதிப்படுத்துவதும் ஈபி4 தான். ஈபி4 இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி மிகக் கடுமையாக வந்ததைக் கியோட்டோ குழு 2002-இல் காட்டியது. 2007-இல் நடந்த மரபணுத் தேடலில், குரோன் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பைக் கூட்டும் மாறுபாடுகள் ஈபி4 மரபணுவுக்கு அருகே, அதைக் கட்டுப்படுத்தும் பகுதியில் அகப்பட்டன. குடல் அழற்சி உள்ளவர்கள் வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இங்கே வேர் இருக்கிறது. ஆனால் புண்ணை ஆற்ற வளர்ச்சியைத் தூண்டும் அதே பாதை, தவறான செல்லில் நீண்டகாலம் திறந்திருந்தால் பாலிப்பையும் கட்டியையும் வளர்க்கிறது. ஆஸ்பிரின் குடல் பாலிப்புகளைக் குறைப்பதன் பின்னணி இது.

கட்டியைச் சுற்றி இன்னொரு நாடகமும் நடக்கிறது. பல புற்றுநோய்க் கட்டிகள் பிஜிஈ2-வை ஏராளமாகச் சுரக்கின்றன. அதை நெருங்கும் டி-செல்கள், இயற்கைக் கொல்லிச் செல்கள் ஆகியவற்றின் ஈபி2, ஈபி4 தூண்டப்பட்டு அவை பெருகும் ஆற்றலை இழக்கின்றன. 2024-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுகள் டி-செல்களில் இதைத் தெளிவாக நிறுவின. மேக்ரோபேஜ் செல்களில் ஈபி4 அழற்சிப் பொருளான டிஎன்எஃப்-ஐக் குறைத்து, அமைதிப்படுத்தும் ஐஎல்-10-ஐக் கூட்டுகிறது. இதைப் பார்த்து ஈபி4 தற்காப்பை அடக்கும் ஏற்பி என்று முடிவு கட்டினால் அது தவறு. 2009-இல் நருமியாவின் குழு, டிஎச்17 என்னும் தாக்கும் டி-செல்களை ஈபி4 பெருக்குவதைக் காட்டியது. மூட்டு வாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் வேலை செய்வது இந்தப் பக்கம். ‘அழற்சிப் பொருள்’ என்று பாடநூல்கள் பிஜிஈ2-வுக்கு ஒட்டும் ஒற்றை முத்திரை மாணவர்களைத் தவறாக வழிநடத்துகிறது. எந்தச் செல், நோயின் எந்தக் கட்டம் என்று கேட்காமல் அதற்கு எந்தப் பெயரும் பொருந்தாது.

வலியின் கதை ஒப்பீட்டளவில் நேரானது. வீங்கிய மூட்டில் சுரக்கும் பிஜிஈ2, வலி நரம்புகளில் உள்ள ஈபி4-ஐத் தொடுகிறது. சூட்டையும் மிளகாயின் காரத்தையும் உணரும் வாயில்கள் அதனால் எளிதில் திறக்கின்றன. சாதாரண அசைவே வலியாகிறது. காய்ச்சலோ ஈபி3-இன் பொறுப்பு. ஈபி3 இல்லாத எலிகளுக்குக் காய்ச்சலே வருவதில்லை என்று 1998-இல் கண்டறியப்பட்டது.

சிறுநீரகத்தில் ஈபி4 வடிமுடிச்சுகளுக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ரெனின் சுரக்கவும் தூண்டுகிறது. உடலில் நீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரை விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது இந்தக் காப்பு நீங்குவதால்.

மூச்சுக்குழாயில் வேறொரு பாடம் கிடைக்கிறது. எலியின் மூச்சுக்குழாயைப் பிஜிஈ2 தளர்த்துவது ஈபி2 வழியாக. அதை நம்பி ஆஸ்துமாவுக்கு ஈபி2 மருந்து தேடப்பட்டது. மனித மூச்சுக்குழாய்த் துண்டுகளைச் சோதித்தபோது அங்கே தளர்த்துவது ஈபி4 என்று தெரிந்தது. பிஜிஈ2-வையே மூச்சோடு உள்ளிழுக்கச் செய்தால் மூச்சுக்குழாய் விரிகிறது, ஆனால் நரம்பின் ஈபி3 இருமலைக் கிளப்பிவிடுகிறது. எலியின் உறுப்பில் கிடைத்த ஏற்பியை மனித உறுப்புக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. மனிதத் திசுவிலேயே சோதிக்க வேண்டும்.

இந்த அறிவு மருந்தாக மாறுவது மெதுவாகத்தான் நடக்கிறது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஊற்றையே அடைப்பவை. வலியோடு வயிறு, சிறுநீரகம், டக்டஸ் ஆகியவற்றின் பாதுகாப்பும் சேர்ந்தே போகிறது. இரைப்பையைக் காப்பாற்றும் நோக்கில் காக்ஸ்-2 நொதியை மட்டும் தடுத்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பு அபாயத்தால் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஏற்பியை மட்டும் குறிவைப்பது அடுத்த படி. ஈபி4-ஐத் தடுக்கும் கிராபிப்ரன்ட் 2016-இல் அமெரிக்காவில் நாய்களின் மூட்டுவலிக்கு ஒப்புதல் பெற்றது. மனிதப் புற்றுநோயில் ஈபி4 தடுப்பு மருந்துகள் சோதனையில் உள்ளன. ஈபி2-வைத் தூண்டும் ஒமிடெனிபாக் 2018-இல் ஜப்பானில் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக வந்தது. கண்ணில் விடுவது மற்ற உறுப்புகளை அதிகம் தொடாது. ஏற்பியோடு இடத்தையும் தேர்ந்தெடுக்க முடிந்ததால் கிடைத்த வெற்றி அது. உடல் முழுதும் பரவும் மாத்திரைக்கு அந்த வசதி இல்லை. ஈபி4-ஐ மட்டும் தடுத்தாலும் மூட்டு, குடல், சிறுநீரகம் மூன்றும் அதை அறியும்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் வலி மாத்திரைகளுக்கு இவை அனைத்தும் பொருந்தும். கர்ப்பிணிகள் இருபதாம் வாரத்துக்குப் பிறகு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. கருவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். முப்பதாம் வாரத்தை ஒட்டி டக்டஸ் கருவிலேயே சுருங்கவும் கூடும். மருத்துவர் தாமே எழுதித் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இதற்கு விதிவிலக்கு. அதை அச்சத்தில் நிறுத்திவிடக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருக்கும் ஒவ்வொருவரும் முதுகுவலிக்கோ தலைவலிக்கோ மாத்திரை வாங்கும் முன் மருத்துவரையோ செவிலியரையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.